புல்லுக்கு விட்ட தண்ணீர்

— நாளைக்குச் சிவப்பு போடுங்க சார்.

— கதவச் சாத்து மொதல்ல.

— எதுக்கு? வானிலை அறிக்கைதானே சார். சாயங்காலம் ஊரே படிக்கப் போகுது.

— பாரும்மா, நீ வேலைக்குச் சேந்த அன்னைக்கே இந்த ரூம்ல வெச்சுத்தான் சொன்னேன். காத்தப் பத்திப் பேசு, மேகத்தப் பத்திப் பேசு, எண்ணப் பத்திப் பேசு. நிறத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. நிறம் அதிகாரியோட வேலை.

— அதிகாரி அந்த வேலையப் பாக்கலன்னா?

— நாக்கு நீளம் உனக்கு.

— எங்க வீட்டுல மொதமொதல்ல காலேஜ் போனவ சார் நான். கேள்வி கேக்கத்தான் அனுப்பினாங்க. இந்த வரைபடத்தப் பாருங்க. மேக்குலேருந்து காஞ்ச காத்து இறங்குது. கடல் காத்து எப்பவும் மதியத்துக்கு முன்னாடி உள்ள வந்துரும். இந்த வாரம் பொழுது சாயற வரைக்கும் கரையிலயே நிக்குது. நாளைக்கு நாப்பத்தாறு டிகிரிக்குக் கொறையாது. நேரா சொல்லுங்க, நான் போட்ட கணக்குத் தப்பா?

— கணக்கு சரி.

— அப்புறம் ஏன் ஆரஞ்சு?

— கணக்கு சரியா இருந்தா ஆச்சா? சிவப்புன்னா என்னன்னு தெரியும்ல? திறந்தவெளி வேலை அத்தனையும் நிக்கணும். கட்டடம், ரோடு, துறைமுகம், எல்லாம். பத்து நிமிஷத்துல இந்த ஃபோன் அலற ஆரம்பிச்சுடும். ஒவ்வொருத்தனும் கேப்பான், வெயில் அடிக்கிறது என்ன புதுசான்னு.

— வெயில்ல சாகுறதும் புதுசு இல்லதான்.

— ஏம்மா, நான் போட மாட்டேன்னு பொறந்தவனா? ஒரு தடவ போட்டேன். நீ அப்ப ஸ்கூல்ல இருந்திருப்ப. சிவப்புன்னு போட்ட அன்னைக்கு மதியம் மேகம் வந்து குடை பிடிச்சுது. சிலுசிலுன்னு காத்து. குளிருக்கு லீவு விட்ட ஆபீசர்னு ஊரே சிரிச்சுது. என்னத் தூக்கி, மனுஷ வாடையே இல்லாத ஒரு தீவுல காத்தாடி சுத்துறத எண்ண வெச்சாங்க. திரும்பி வந்தப்ப என் பொண்ணு அவங்கம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, யாரும்மா இந்த மாமான்னு கேட்டுச்சு.

— உங்க பொண்ணு கேக்குறதுக்கு நீங்க திரும்பி வந்தீங்க. அந்தப் பெயின்டரோட பொண்ணு யாரப் பாத்துக் கேக்கும்?

— எந்தப் பெயின்டர்?

— போன வாரம். எங்கப்பா வேலை செய்யற கட்டடத்துல. சாரத்துலயே மடங்கி உக்காந்துட்டாரு. கீழ எறக்குறதுக்குள்ள போயிட்டாரு. அன்னைக்கும் நம்ம அறிக்கை ஆரஞ்சுதான்.

— குடிச்சிருந்தான்னு பேப்பர்ல...

— தண்ணிகூடக் குடிக்கல சார். அதனாலதான் செத்தாரு.

— சரி, சரி. குரல எறக்கு. உங்கப்பாவுக்கு அங்க என்ன வேலை?

— மொட்டை மாடியில தார் ஷீட்டு ஒட்டுற வேலை. கீழ அடுப்புல தார் காயும், மேல வெயில் காயும். நடுவுல இவரு.

— அப்ப விஷயம் அதானா? இத நீ வந்ததுமே சொல்லியிருக்கலாமே. உங்கப்பாவ நாளைக்கு வீட்டுல உக்காரச் சொல்லு. முடிஞ்சுது. ஒரு மனுஷனுக்காக ஊரையே ஏன் பூட்டச் சொல்ற?

— சொல்லாம இருப்பேனா? எனக்கு மட்டும் தனியா வெயில் அடிக்குதான்னு கேக்குறாரு. கூட இருக்குறவங்கள விட்டுட்டு வர மாட்டாராம்.

— அப்ப அவருக்கும் உன் நாக்குதான்.

— சிரிக்காதீங்க சார். தினமும் சாயங்காலம் மேஸ்திரி அவருகிட்டதான் கேப்பாரு. உடனே எனக்கு ஃபோன் வரும். அம்மாடி, நாளைக்கு என்ன நிறம்? நம்ம அறிக்கைய நான் படிச்சுச் சொல்லுவேன், ஆரஞ்சுப்பான்னு. எம்பொண்ணு சொல்லிட்டா, வாங்கடான்னு மொத ஆளா ஏணியில ஏறுவாரு. மத்தவங்க அவரு பின்னாடி. அந்தப் பெயின்டரும் அப்படி ஏறினவருதான்.

— அதுக்கு நீ என்ன பண்ணுவ?

— நான்தானே சார் சொன்னேன். நீங்க எழுதினத என் வாயாலதானே சொன்னேன்.

— பாரும்மா, அழாத. இந்தா, தண்ணி குடி. நான் ஒண்ணும் எமன் இல்ல. சட்டத்துலயே வழி இருக்கு. நம்ம வெள்ளைப் பெட்டிக்குள்ள இருக்குற தெர்மாமீட்டர் நாப்பத்தஞ்சத் தொட்டுச்சுன்னா, மறுநாள் தானாவே சிவப்பு. என்னாலகூடத் தடுக்க முடியாது. தொடலயே! இந்தக் கோடை முழுக்க ஒரு நாள் தொடலயே! நான் என்ன பண்ணட்டும்?

— எப்படித் தொடும்?

— என்ன சொல்ற?

— வந்த புதுசுல நெனச்சேன், சாருக்குப் புல்லுன்னா எவ்வளவு ஆசைன்னு. ஊருல குடிக்கத் தண்ணி கிடையாது. பெட்டியச் சுத்தி இருக்குற புல்லு மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு நிக்குது. காலையில ஒருவாட்டி தண்ணி. வாசிப்பு எடுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இன்னொருவாட்டி, செருப்பு முழுகுற அளவுக்கு. ஈரம் ஆவியாகி அந்த இடமே குளுந்துடுது. வெளிய ஊரு கொதிக்குது, உள்ள தெர்மாமீட்டர் நாப்பத்துநாலுலயே சொகமாப் படுத்திருக்கு.

— பெட்டி புல்தரையில இருக்கணும்னு விதி. வேணும்னா எடுத்துப் படி.

— படிச்சேன். புல்லுன்னுதான் இருக்கு. குளம்னு இல்ல.

— வார்த்தைய அளந்து பேசு. இன்னும் உன் வேலை நிரந்தரம் ஆகல, ஞாபகம் இருக்கட்டும். உன்னைப் பத்தி நான் நாலு வரி எழுதினா, நீயும் உங்கப்பா மாதிரி தார் காய்ச்சத்தான் போகணும்.

— தெரியும் சார். அதுக்குப் பயந்துதான் இத்தன நாளா வாய மூடிட்டு இருந்தேன். அந்தப் பயத்தாலதான் பெயின்டர் போனாரு.

— போதும். பெட்டிக்கார அம்மா வாசிப்பு எடுத்துட்டு வர்ற நேரம் ஆச்சு. ஒண்ணு சொல்றேன் கேளு. இன்னைக்குப் பெட்டி நாப்பத்தஞ்சக் காட்டட்டும், இந்தக் கையாலயே சிவப்பு போடறேன். போதுமா?

— அது காட்டாதுன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க.

— எப்படி வேணா வெச்சுக்கோ.

— கடைசியா கேக்குறேன் சார். வாசிப்பு வர்றதுக்கு முன்னாடி, நீங்களா போடுவீங்களா? பெட்டிக்காக இல்ல. கணக்கு சரின்னு உங்க வாயாலயே சொன்னீங்களே, அதுக்காக.

— மாட்டேன்.

— சரி.

— சார், உள்ள வரலாமா?

— வாம்மா, பெட்டிக்கார அம்மா. உனக்குத்தான் காத்திருக்கோம். படிச்சுட்டியா? சத்தமா சொல்லு, இந்தப் பொண்ணு காதுல விழட்டும்.

— நான் ஒண்ணும் பண்ணல சார்.

— நீ என்ன பண்ணுவ? எண்ணச் சொல்லு.

— நாப்பத்தாறு புள்ளி ரெண்டு.

— என்னது?

— கண்ணத் தொடச்சிட்டு ரெண்டாந்தடவையும் பாத்தேன் சார். நான் ஒண்ணும் பண்ணல.

— தலைமையகத்துக்கு அனுப்பாத. இரு, நான் வந்து பாக்குறேன்.

— பாத்த கையோட அனுப்பிடணும்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க. அனுப்பிட்டுத்தான் வரேன்.

— புல்லுக்குத் தண்ணி விட்டியா, இல்லையா?

— எங்க சார் விடுறது? குழாயோட கைப்பிடியக் காணோம். காலையில வந்து பாத்தா வெறும் மூக்குதான் நீட்டிக்கிட்டு இருக்கு. புல்லு தொடப்பக்கட்டை மாதிரி ஆயிடுச்சு.

— காலையிலேருந்து இல்லையா? என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லத்தான் வந்தேன். இவங்கதான் வாசல்லயே மடக்கி, சாருக்குத் தெரியும்க்கா, தேட வேணாம்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் பண்ணல சார்.

— நீ போக்கா. இனிமே இது எனக்கும் சாருக்கும்.

— நீ... நீ என்ன காரியம் பண்ணியிருக்கன்னு தெரியுதா உனக்கு?

— தெரியுது. கைப்பிடி என் பையிலதான் இருக்கு. இந்தாங்க. ஆபீஸ் சொத்து திருட்டுன்னு எழுதுங்க, நானே கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்கு முன்னாடி சிவப்புக்கு நீங்க கையெழுத்துப் போடணும்.

— இவ்வளவும் பண்ணிட்டு அப்புறம் எதுக்குடி என்கிட்ட வந்து கெஞ்சின?

— நீங்களா போட்டா, யாருக்கும் தெரியாம கைப்பிடியத் திரும்ப மாட்டிடலாம்னு இருந்தேன். உங்க பேருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

— உன் வேலை போயிடுச்சு. புரியுதா? போயிடுச்சு! உங்கப்பா உன்னப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?

— தெரியாது சார், இனிமேதான் கேக்கணும். வழிய விடுங்க.

— எங்க ஓடுற? அதான் நீ கேட்டது கிடைச்சிடுச்சே. நாளைக்குச் சிவப்புதான், ஊரே வீட்டுல உக்காரும், உங்கப்பாவும் உக்காருவாரு. கைப்பிடிய எடுத்தத ஆற அமர உக்காந்து எழுதிக் குடுத்துட்டுப் போ.

— நாளைக்குத்தானே சார் சிவப்பு. வெளிய நாப்பத்தாறு இப்ப அடிக்குது, என் பேச்ச நம்பி அப்பா இப்பவும் மாடி மேலதான் நிக்கிறாரு. போன வாரம் சொன்னது, நேத்து சொன்னது, எல்லாம் பொய்யினு அவ்வளவு பேரு முன்னாடி நான் போய்ச் சொன்னாத்தான் எறங்குவாரு.