சிறிய சம்பவம்

இல்லைத் தங்கச்சி, கோப்பி வேண்டாம். உந்த மிசின் கோப்பியும் ஒரு குற்றம்தான், ஆர் விசாரிக்கிறது? பத்து மணிக்கெண்டா பத்துக்குத்தான் உள்ளுக்குக் கூப்பிடுவினம். அதுக்குள்ள ஒண்டு கேக்கவேணும். நீங்கள்தானே என்ர சாட்சியத்தை ஜேர்மன் ஜட்ஜுக்கு டொச்சில சொல்லப்போறியள்? நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. பதமாக்காதேங்கோ.

கோவிக்காதேங்கோ. நானும் உந்த வேலை செய்தவன். சண்டையில தோத்துக் கொஞ்சக் காலத்தால எங்களுக்கும் மாகாணசபை எலெக்சன் எண்டு வைச்சவை. அதைக் கண்காணிக்க வெள்ளைக்காரர் வந்தவை, நான் அவைக்கு மொழிபெயர்ப்பாளன். இந்த நாடும் தோத்த நாடுதானே. இஞ்ச வந்து பின்னேரப் பள்ளிக்கூடத்தில படிச்சனான். இவையைத் திருப்பி வோட்டுப்போடப் பழக்க நாலு நாட்டுக்காரர் நாலு வருசம் நிண்டவை. எங்களுக்கு நாலு நாள். அதில ஒரு நாள் அவைக்கு வயித்தோட்டம்.

பரராசசிங்கம் எண்டு ஒரு வேட்பாளர். விடிய எட்டுப்பேர் இரும்புக் குழாயோட அவற்ற வீட்டுக்குப் போனவங்கள். கதிரையில கட்டி, ரெண்டு முழங்காலையும் உடைச்சு, நோட்டீஸ் குடுத்த கை எது எண்டு கேட்டு, அந்தக் கையில மூண்டு விரலை வெட்டினவங்கள். அவற்ற மனுசி வேதவல்லியைத் தலைமயிரில பிடிச்சுப் பாக்க வைச்சவங்கள். வெட்டின விரலை அவவின்ர மடியிலதான் போட்டது.

நாங்கள் போகேக்க அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம். நிலமும் கழுவியாச்சு. கதிரைக் காலடியில மட்டும் இலையான் மொய்ச்சது.

பக்கத்தில ஒரு ஆமி ஒஃபிசர் நிண்டவன். ஓம், அவன்தான், இண்டைக்கு உள்ளுக்குக் குற்றவாளிக் கூண்டில இருக்கிறவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீசு நல்லாத் தெரியும். அதால வேதவல்லி எல்லாத்தையும் தமிழில சொன்னவ. குழாய், விரல், இவன் ஜீப்புக்குள்ள இருந்து சிரிச்சது, எல்லாம். சொல்லி முடிய வெள்ளைக்காரர் என்னைப் பாத்தார். இவனும் பாத்தான்.

ஆரோ வந்து வாக்குவாதப்பட்டவையாம், அவருக்குக் கொஞ்சம் காயமாம் எண்டு இங்கிலீசில சொன்னன்.

வெள்ளைக்காரற்ற படிவத்தில மூண்டு பெட்டி. சிறிய சம்பவம், நடுத்தரம், பெரியது. சிறியதுக்குப் புள்ளடி போட்டார். ரெண்டு முழங்கால், மூண்டு விரல். கூட்டினா அஞ்சுதானே.

வாகனத்தில சொல்லலாம் எண்டு நினைச்சனான். ட்ரைவர் ஆற்ற ஆளோ தெரியாது. ஹோட்டலில சொல்லலாம் எண்டு பாத்தா, சாப்பாடு வந்திட்டுது.

அவை பிளேன் ஏறின அண்டு பின்னேரம் அதே எட்டுப்பேர், அதே குழாய். இந்தமுறை அவவுக்கு. றோட்டில வைச்சு. முகம் எண்டு ஒண்டு இருக்கேல்லை. விரலில சோக்குத்தூளைக் கண்டுதான் நான் அடையாளம் காட்டினது.

என்ன சோக்கோ? அவ ரீச்சர், பிள்ளை. பகல் முழுக்க வேலைசெய்யிற எங்களை மாதிரி ஆக்களுக்குப் பின்னேரத்தில படிப்பிச்சவ. மனுசன் ஆஸ்பத்திரியில கிடக்க, அண்டைக்கும் வகுப்பு வைச்சிட்டு வந்தவ. வெள்ளைக்காரர் வரேக்க மொழிபெயர்க்க நான்தான் வேணும் எண்டு கேட்டதும் அவதான்.

கதவு திறக்கினம். எழும்புங்கோ.

என்ன பாடமோ? இங்கிலீசு. எனக்கு இங்கிலீசு படிப்பிச்சதே அவதான். நான் அண்டைக்குச் சொன்னது ஒரு சொல்லு விடாம அவவுக்கு விளங்கினது. வாங்கோ, கூப்பிடுகினம்.