எந்த அடுத்த வெள்ளி?

அவைக்குத் தலைமையேற்று, ஒரே பார்வையில் வார்டு முழுவதையும் வரிசையில் நிற்கவைக்கும் தலைமை நர்ஸ் அம்மையார் அவர்களே! வந்த கொட்டாவியைக்கூடக் கண்ணியத்தோடு அடக்கிக்கொண்டிருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே! படுக்கை மாற்றி, பஞ்சு சுருட்டி, பாத்திரம் ஏந்தி, பதவி உயர்வுத் தேர்வுக்காகக் காத்திருக்கும் உதவியாளர்களே, தாய்மார்களே, பெரியவர்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் வாழ்க்கைத் துணைவியே! இரு கை கூப்பி வணங்குகிறேன்.

“தேர்வுக்கு அட்டவணை போட்டுப் படிப்பது எப்படி?” இது எனக்கு இட்ட தலைப்பு. ஏன் எனக்கு? நான் படித்தவனா? பட்டம் பெற்றவனா? இல்லை. இந்த மைக் செட் என் கடையுடையது. மைக் செட் கொடுத்தவனுக்கு மைக்கைக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அவையோரே, வீட்டை விட்டுக் கிளம்பியபோது இருந்த தெளிவு இப்போது இல்லை. குழம்பிப்போய் நிற்கிறேன்.

என் மனைவி இங்கே உதவியாளர். நோயாளிகள் “நர்ஸம்மா” என்று கூப்பிடும்போதெல்லாம், “நான் நர்ஸ் இல்லீங்க, கூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. இந்தத் தேர்வில் வென்றால் அந்த வாக்கியத்திலிருந்து விடுதலை! தோற்றால்? வயது வரம்பு தாண்டிவிடும், மறுபடி எழுதவே முடியாது.

சும்மா இருப்பேனா நான்? அட்டவணை போட்டேன்! வண்ண வண்ணமாய்க் கோடிழுத்து, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினேன். திங்களுக்கு இதயம், செவ்வாய்க்கு நுரையீரல். இன்று புதன், ‘கணவர் உரை கேட்டல்’. (சிரிக்காதீர்கள். அதுவும் படிப்புதான்.) அவளை அழவைக்கும் சிறுநீரகத்தை நிதானமாக அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

சற்றுமுன் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைத் தங்கச்சி ஒருவர் கேட்டார்: “ஏண்ணே, நாளைக்கழிச்சு பரீட்சை. இப்பப் போய் அட்டவணையா?”

“அடுத்த வெள்ளின்னுல்லம்மா சொன்னாங்க?”

“ஆமா. நாளைக்கழிச்சு என்ன கிழமை?”

அடுத்த வெள்ளி என்றால் எந்த வெள்ளி? வருகிற வெள்ளியா? வருகிற வெள்ளி வந்து போன பிறகு வருகிற வெள்ளியா? அடுத்த ஸ்டாப் என்றால் உடனே இறங்குகிறோம். அடுத்த மாதம் என்றால் இந்த மாதம் தீரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். ஒரே சொல், இரண்டு பக்கமும் தலையாட்டினால் நான் என்ன செய்வேன்?

என்ன, இடப்பக்கம் “வர்ற வெள்ளிதான்” என்கிறீர்களா? வலப்பக்கம் “இல்லல்ல, அதுக்கடுத்தது” என்கிறீர்களா? ஏனம்மா, ஒருவர்கூடத் தலைமை நர்ஸிடம் கேட்கவில்லையா? ஓ... கேட்டால் “ஒரு தடவை சொன்னா புரியாதா?” என்பார்களா?

அம்மையார் அவர்களே, மைக் கையில் இருக்கிற தைரியத்தில் நானே கேட்கிறேன். எந்த வெள்ளி?

கேட்டீர்களா பதிலை? “நான் போன வாரம் சொன்னேன். அப்ப அது அடுத்த வெள்ளி, இப்ப அது வர்ற வெள்ளி. இதுல என்ன குழப்பம்?”

ஒரு குழப்பமும் இல்லை தாயே! நீங்கள் போன வாரம் சொன்னதை, அவள் ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அப்படியே என்னிடம் சொன்னாள். வழியில் சொல் மாறவில்லை, வாரம் மாறிவிட்டது!

நாளை மறுநாள் தேர்வு. சிறுநீரகத்தை அவள் இன்னும் தொடவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவையோரே. கோட்டுக்குள் கிழமை வைத்தேன், கிழமைக்குள் பாடம் வைத்தேன். படிக்க வேண்டியவளை எங்கே வைத்தேன்? என் பேச்சைக் கேட்க, இதோ, இந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேனே!

இதோ எழுந்துவிட்டாள். என்னம்மா?

“பேசினது போதுங்க. வீட்டுச் சாவி உங்க சட்டைப் பையில இருக்கு. குடுங்க, நான் போய்ப் படிக்கணும்.”

பொறுங்கள்... இது ஸ்க்ரூ டிரைவர்... இது ஃப்யூஸ் கம்பி... கிடைத்துவிட்டது! முன்வரிசைத் தங்கச்சி, கொஞ்சம் வாங்கிப் பின்னால் கொடும்மா. கைக்குக் கை மாறிப் போகட்டும்.

என்ன இது, இடப்பக்கம் எழுகிறது! வலப்பக்கமும் எழுகிறது! செருப்பைத் தேடுகிறீர்களா? தேடுங்கள் தாய்மார்களே, தேடுங்கள்! எத்தனையோ மேடையில் கூட்டம் கலைந்து நொந்திருக்கிறேன். கலைவதைக் கண்டு கைதட்டுவது இன்றுதான்!

தலைவர் அவர்களுக்கு நன்றி. விழித்துக்கொண்ட மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி, எழுந்து போகிறவர்களுக்கு இரண்டு மடங்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

வாசலைத் தாண்டுவதற்குள் இதையும் கேட்டுக்கொண்டு போ: அலமாரியில் இருக்கும் அட்டவணையைக் கிழித்துப் போடு. சோறு நான் வந்து வடிக்கிறேன். நேரே சிறுநீரகத்துக்குப் போ, நர்ஸம்மா!