ஒண்டிக்கட்டைக்கு வீடில்லை

— ஒண்டிக்கட்டைக்கு வீடு இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது தம்பி? பூட்டைப் பிடிச்சு ஆட்டாதீங்க. மகாராசா காலத்துப் பூட்டு, கையோட வந்துரும்.

— ஏங்கம்மா, நான் என்ன திருடனா? கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். தங்கமுத்துன்னு கேட்டா இந்தத் திருக்கோகர்ணத்துல போஸ்டு மரத்துக்குக்கூடத் தெரியும்.

— போஸ்டு மரம் வந்து எனக்குச் சாட்சி சொல்லுமாக்கும்.

— இருக்கிறது ஒரு ரூமு, ஒரு அடுப்படி. பூட்டித்தான கெடக்கு? நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்.

— போன தடவை ஒரு கம்பவுண்டரு இப்பிடித்தான் ஓரமா இருக்கேன்னு வந்தாரு. வந்த மறுவாரமே கூட்டாளிகளைச் சேத்துக்கிட்டுச் சீட்டுக் கச்சேரி. கருவாடு சுட்ட சட்டியைக் கெணத்து வாளிக்குள்ளயே கழுவுனாரு. தண்ணியில நாத்தம் போக ஒரு மழைக்காலம் ஆச்சு. அன்னைக்கு எடுத்த முடிவு. பொம்பளை இல்லாத குடித்தனத்துக்கு இந்த அமராவதி சாவி குடுக்க மாட்டா.

— எனக்குச் சீட்டு ஆடத் தெரியாதும்மா. கருவாட்டை வேணும்னா இன்னையோட விட்டுர்றேன்.

— கருவாட்டை ஏன் விடுறீங்க? பொண்டாட்டியோட வாங்க, தாராளமாத் தாரேன்.

— அதுக்குத்தாம்மா வீடு கேக்குறேன்! வீடு இருந்தாத்தான் பொண்ணு தருவாங்களாம். பொண்டாட்டி இருந்தாத்தான் நீங்க வீடு தருவீங்களாம். நான் எங்கிட்டும்மா போறது? கம்பத்து மேல ஏறிக் குடித்தனம் வைக்கவா?

— கத்தாதீங்க. பக்கத்துப் போர்ஷன்ல பச்சைப்புள்ளை தூங்குது.

— கோவிச்சுக்காதீங்கம்மா. வாரம் பூரா அலைஞ்சு கால் ஓஞ்சு போச்சு. கீழத்தெருவுல ஒருத்தரு எந்த ஊருன்னாரு, கந்தர்வக்கோட்டைன்னேன். என்ன ஆளுகன்னாரு, சொன்னேன். சம்சாரம் எங்கன்னாரு, முழிச்சேன். கதவைச் சாத்திட்டாரு. ஆபீஸ் கொட்டாயில கம்பிச் சுருளுக்கு நடுவுல படுத்துக் கெடக்குறேன். இன்னைக்குச் சாயங்கால பஸ்ஸுல பொண்ணு வீட்டுக்காரங்க வேற வர்றாங்க, வீடு பாக்க.

— எந்த வீட்டை?

— அதாம்மா எனக்கும் தெரியல.

— இல்லாத வீட்டைப் பாக்க வரச் சொன்னீங்களா!

— நான் எங்க சொன்னேன்? தரகர் மூக்கன் சொன்னாரு. மாப்பிள்ளைக்கு டவுன்ல வீடு, அடுப்படி, கெணறுன்னு அவராவே அடுக்கிட்டாரு. நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள வெத்தலை மாத்துறதுக்கு நாளே பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

— அப்பவாச்சும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?

— சபையில சொல்லிருக்கணும். பொண்ணு மொகத்தைப் பாத்ததும் வாய் வரலை. தப்புத்தான்.

— நல்ல கூத்து. எனக்கும் நேரமாச்சு. கூடப்பொறந்தவன் வருவான், அவனோட ஒரு எடத்துக்குப் போகணும், யாரு வீடுன்னு அவன் வந்துதான் சொல்லணும். புதுச்சேலையைக் கட்டிக்கிட்டு ஒங்களோட மல்லுக்கு நிக்கிறேன் பாருங்க.

— பொண்ணோட அப்பா தங்கமானவரும்மா. அவருக்கு ஒரு அக்கா இருக்காங்களாம், இதே டவுன்ல. அந்தம்மாதான் எல்லா வம்புக்கும் காரணம். அடுப்படி எந்தப் பக்கம் பாத்திருக்கு, கெணறு எம்புட்டு ஆழம், நான் வந்து பாத்துத் தலையாட்டாமப் பேச்சை முடிக்காதேன்னு உத்தரவாம். விட்டா கெணத்துக்குள்ளயே எறங்கிப் பாப்பாங்க போல.

— வாயை அளந்து பேசுங்க தம்பி. பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும்.

— வயித்தெரிச்சல்மா. நான் என்ன அந்தம்மா சொத்தையா எழுதிக் கேட்டேன்? வீடு வாசலெல்லாம் வச்சிருப்பாங்க. மனசுதான் வச்சிருக்க மாட்டாங்க.

— பொண்ணு எந்த ஊரு?

— வல்லத்திராக்கோட்டை.

— பேரு?

— செவந்தி. ஏம்மா, தெரியுமா?

— சும்மாதான் கேட்டேன். ஏன் நிக்கிறீங்க, அந்த முக்காலியில உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— இம்புட்டு நேரமாக் கேக்காத தண்ணியை இப்பக் கேக்குறீங்க?

— குடிக்கிறீங்களா, இல்லையா?

— குடுங்க.

— அப்பிடி என்னத்தைக் கண்டீங்க அவ மொகத்துல? ஊருல வேற பொண்ணே இல்லையா?

— காப்பித்தண்ணி கொண்டாந்துச்சும்மா. அந்நேரம் மூக்கன் கெணத்துத் தண்ணியோட ருசியைப் பத்தி அளந்துக்கிட்டு இருக்காரு. தம்ளரைக் கையில குடுக்குறப்ப, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, மெய்யாவே வீடு இருக்கான்னு கேட்டுச்சு. இல்லைன்னு தலையாட்டுனேன். சிரிச்சிருச்சு. சிரிச்சுக்கிட்டே உள்ள போயி, எனக்குச் சம்மதம்னு ஆத்தாகிட்டச் சொல்லிருச்சு.

— அந்தக் கழுதை தெரிஞ்சேதான் தலையை நீட்டுறாளா?

— யாரைக் கழுதைங்கிறீங்க?

— ஒங்களைத்தான். குடிங்க தண்ணியை.

— திட்டுங்கம்மா. இன்னைக்கு யாரு திட்டுனாலும் வாங்கிக்கிறேன். அது இனி வேற எவனுக்கும் கழுத்தை நீட்டாதுன்னு தோணுது. அதுக்காகத்தான் வீடு வீடா ஏறி எறங்குறேன்.

— அந்த அத்தைக்காரி ஏன் வீடு வீடுன்னு அடிச்சுக்கிறா தெரியுமா?

— எனக்கெப்பிடித் தெரியும்?

— கல்யாணமாகி வந்து பல வருசம், புருசனோட சித்தப்பா வீட்டுக் கூடத்துல, குறுக்க ஒரு சேலையைக் கட்டிக் குடும்பம் நடத்துனவ அவ. இந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டா, அந்தப் பக்கம் கெழவரு இருமுவாரு. வாய்விட்டு அழக்கூட எடம் கெடையாது. தம்பி மகளாச்சும் ஒரு கதவுக்குள்ள வாழட்டும்னு நெனைச்சா. அது குத்தமா?

— குத்தமில்லம்மா. தெரியாமப் பேசிட்டேன். ஆமா, அந்தம்மாவ ஒங்களுக்கு எப்பிடி...

— அக்கா! அமராவதியக்கா! கெளம்பலையா இன்னும்? முன்ன வர்ற பஸ்ஸே கெடைச்சிருச்சு. அட, மாப்பிள்ளையா! நீங்க எங்க இங்கிட்டு?

— வா... வாங்க மாமா.

— பஸ்ஸடியில வந்து நிப்பீங்கன்னுல்ல தரகர் சொன்னாரு. எங்க அக்கா வீட்டு முக்காலியில உக்காந்து தண்ணி குடிக்கிறீங்க?

— அக்காவா? இவங்களா? அய்யோ... மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லிர்றேன். தரகர் சொன்னது பூராவும்... வீடு வந்து...

— என்னக்கா இவரு இந்த முழி முழிக்கிறாரு? வீடு இல்லைங்கப் போறாரா? இங்க பாருங்க மாப்பிள்ளை, வீடில்லாதவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு எங்க அக்கா ஒரே வார்த்தையாச் சொல்லிருச்சு. அதை நான் நெனைச்சாலும் மாத்த முடியாது.

— சேவுகா, வந்ததும் வராததுமா ஏண்டா கத்துற, பச்சைப்புள்ளை தூங்குது. மாப்பிள்ளை, காலையில வேலைக்குப் போறப்ப எங்கிட்டக் குடுத்துட்டுப் போன சாவியைக் கேட்டுத்தான உக்காந்திருக்கீங்க? இந்தாங்க. பூட்டை ஆட்டாமத் தொறந்து, ஒங்க மாமாவுக்கு வீட்டைக் காட்டுங்க.