நாலு பேருக்குத்தான் காற்று

"ராக்கெட்டுல இருக்கறது அஞ்சு பேரு, காத்து நாலு பேருக்குத்தான் இருக்குது. யாரத்தான்க்கா வெளிய தள்ளுனாங்க?"

பாகலூரிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும் இந்தி விண்வெளித் தொடரைப் பற்றிய பேச்சு. பாதியில் அவள் தெருவில் கரண்ட் போய்விட்டதாம். பக்கத்தில் இருந்தவள் நாலைந்து வயது மூத்தவள்; முழுதும் பார்த்திருந்தாள்.

"சாயந்தரம் சொல்றேன், விடு."

"இப்பவே சொல்லுக்கா. இன்னிக்கு லிஸ்ட் ஒட்டறாங்க. நம்ம லைன்லயும் டெம்பரவரி அஞ்சு பேரு, நாலு பேரத்தான் பர்மனென்ட் பண்றாங்களாம்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"யாரையும் தள்ளல. கேப்டனே எறங்கிப் போயிட்டான்."

"நெசமாவா? இந்தியில சொன்னது உனக்கு எப்படிப் புரிஞ்சது?"

"இதுக்கு எதுக்குடி இந்தி? கதவத் தொறந்துட்டுப் போனானே, கண்ணால பாத்தேன்."

"நம்ம சூப்பர்வைசரு போவாரா அப்படி!"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனி கேட்டில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கி நோட்டீஸ் போர்டுப் பக்கம் ஓடினாள்.

எதிர் சீட்டில் இருந்த அம்மாள் எழுந்தபடியே கேட்டார். "ஏம்மா, நானுந்தான் பாத்தேன். கேப்டன் எங்க எறங்குனான்?"

"எறங்கலக்கா. கடைசியா வந்து ஏறுன பொண்ணத்தான் தள்ளுனாங்க."

மூத்தவள் சீட்டை விட்டு எழவே இல்லை.

"எங்க அஞ்சு பேருல, இப்ப ஓடுறாளே, இவதான் கடைசியா சேந்தவ."