லாவினியாவுக்குத் திதி இல்லை

திதி தெரிஞ்சிருந்தா ஃபோன்லயே சொல்லிருப்பேனே வாத்யாரே. பையன் ஸ்ரீநிவாஸ், கயாக்னு ஒத்தையாள் துடுப்புப் படகு, அத எடுத்துண்டு கடலுக்குப் போனான், வரலை. பன்னண்டு வருஷம் ஆச்சு. அவ்ளோதான் தெரியும்.

ஐயோ, அதத் தொடாதேங்கோ, பசை காயலை. கப்பல் மாடல்தான். ரிடையர் ஆனப்பறம் நானே கட்டறேன். பேர் லாவினியா. விக்டோரியா ராணி காலத்து சரக்குக் கப்பல். எஞ்சின் கெடையாது, மூணு பாய்மரம், எல்லாம் காத்த நம்பித்தான். இருபத்திரண்டு வருஷம் மாடா ஒழைச்சுது. ரங்கூன் அரிசி, கல்கத்தா சணல். நம்ம மெட்ராஸுக்குக்கூட இரும்புச் சாமான் கொண்டு வந்திருக்கு. அப்ப அங்க ஹார்பர் ஏது? அலைல படகு விட்டு எறக்கிருக்கா.

கடைசில இங்க வந்தது, கோதுமை ஏத்த. ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணு நவம்பர்ல இதே சான் ஃபிரான்சிஸ்கோலேர்ந்து கெளம்பித்து. இருபத்தெட்டு பேர். ரெண்டாம் நாள் ஒரு ஸ்டீமர்காரன் பாத்திருக்கான். எல்லாப் பாயும் விரிச்சுண்டு ஜோராப் போயிண்டிருந்துதாம். அப்பறம் ஒரு மரத்துண்டுகூடக் கெடைக்கலை.

என்ன பண்ணினாளா? கப்பல் இன்ஷூரன்ஸ்காரா மொதல்ல அவா ஆஃபீஸ் போர்டுல ஓவர்ட்யூன்னு எழுதினா. லேட்டாயிருக்கு, வரும்னு அர்த்தம். ஆறு மாசம் கழிச்சு அத அழிச்சுட்டு மிஸ்ஸிங்னு போட்டா. மூழ்கித்துன்னு போடலை பாருங்கோ, யாரும் பாக்கலையே. ஆனா மிஸ்ஸிங்னா போயாச்சுன்னுதான் அர்த்தம். கேப்டனோட ஆத்துக்காரி லெட்டர் போட்டாளாம், தயவு பண்ணி ஓவர்ட்யூவாவே விட்டுடுங்கோன்னு. அதப் படிச்சுட்டு கொழந்தையாட்டம் அழுதேன், வாத்யாரே.

இல்லை இல்லை, விஷயத்துக்கு வரேன். என்ன, அமாவாசையா? கெளம்பின மாசத்து அமாவாசையவே திதியா வெச்சுக்கலாமா? சாஸ்திரத்துல இருக்கா? சரி, உங்களுக்குத்தான் தெரியும். அக்டோபர் கடைசில போனான். ஐப்பசின்னு எழுதிக்கோங்கோ. எழுதியாச்சா? என் கையாலயே அந்த போர்ட அழிச்ச மாதிரி இருக்கு.

கராஜ் தொறக்கற சத்தம், ருக்மிணி வந்துட்டா. நெய்யும் தேங்காயும் வாங்க சான்டா கிளாரா வரைக்கும் போயிருந்தா. அப்பறம் வாத்யாரே, ஒண்ணு. அவகிட்ட திதின்னு வாயத் தொறந்துடாதேங்கோ. ஸ்ரீநிவாஸுக்கு ஆயுஷ்ஹோமம் பண்ணத்தான் நீங்க வரேள்னு சொல்லி வெச்சிருக்கேன்.