தலைகீழாக விழுந்த முத்திரை

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் உசாமி அவர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த மினேகிஷி அவர்களின் துணைவியார் யாசுயோ அம்மையாரே, பதினான்கு மருந்துக் கிடங்குகளையும் பூட்டிவிட்டு தொயாமாவுக்கு வந்திருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். கணினிப் பிரிவின் தலைவன் ஓகிதா பேசுகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் மினேகிஷி கோசோ அவர்களை நிறுவனத்தின் சொத்து என்றார்கள். அந்தச் சொத்தைக் கடைசி மூன்று ஆண்டுகள் எங்கே வைத்திருந்தோம்? காகிதமும் பேனாவும் அடுக்கும் அறையில் அல்லவா?

மினேகிஷி அவர்கள் செய்த வேலை என்ன? தலைமையகத்தில் ஒரு நடுத்தரக் கணினி. ஒவ்வொரு கிடங்கிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அங்குள்ள திரைகளும் அச்சு இயந்திரங்களும் அந்தப் பெட்டி வழியாகத்தான் கணினியோடு பேசும். பெட்டியின் பெயர், முகவரி, முதலில் அழைப்பது யார், எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி வைக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கட்டமைப்பை அவர் எழுதினார். ஒரு மருத்துவமனைக்காவது மருந்து தாமதமானதுண்டா? தகாஓகா கிடங்குத் தோழர்களே, நீங்கள் சொல்லுங்கள்.

பிறகு பழைய தொலைபேசி இணைப்புகளை மாற்றிப் புதிய வலையமைப்புக்குப் போனோம். வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள், எந்தப் பெட்டி வந்து தட்டினாலும் கணினியே அதற்குப் பெயர் வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதியைத் திறந்து வைக்கலாம், ஒரே வாரத்தில் வேலை முடியும் என்றார்கள். கூட்டத்தில் மினேகிஷி அவர்கள் எழுந்தார்.

"வர்றவனுக்கெல்லாம் வாசல்லயே புதுப் பேர் வெச்சா, தபால்காரன் யாருகிட்டங்க கடுதாசி குடுப்பான்? பழைய பேருக்குப் போற சீட்டு பழைய பேர்லயே கெடக்கும். அந்த வசதிய மூடிருங்க. பதினாலையும் நானே கையால எழுதறேன். ஒரு மாசம் குடுங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒப்புதல் தாள் சுற்றுக்கு வந்தது. கையெழுத்துக்குப் பதிலாக வைத்திருந்த எல்லோர் முத்திரையும் மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்து வணக்கம் சொல்வதுபோல் சாய்ந்திருந்தது. மினேகிஷி அவர்களின் முத்திரை மட்டும் தலைகீழாக இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று இந்த அரங்கில் யாருக்குத் தெரியாது? கட்டளைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை என்று பொருள். அவர் மேசைக்குப் போனேன்.

"என்ன மினேகிஷி சான், சீல் கை தவறி விழுந்திருச்சா?"

"தவறலைங்க. பாத்துத்தான் வெச்சேன்."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நாலு தடவ சொல்லிட்டேன். நீங்க சிரிச்சீங்க."

நான் என்ன செய்தேன்? அவர் முத்திரைக்குப் பக்கத்தில் என்னுடையதை நேர்த்தியாகச் சாய்த்து வைத்து மேலே அனுப்பினேன்.

வலையமைப்பை மாற்றிய ஒன்பதாவது நாள் காலை, தகாஓகா பெட்டியின் இணைப்பு அறுந்து மீண்டும் வந்தது. கணினி அதற்குப் புதுப் பெயர் வைத்தது. அச்சு இயந்திரத்துக்கும் புதுப் பெயர். மருந்து எடுக்கும் சீட்டுகளோ பழைய பெயரின் வரிசையில் குவிந்து கிடந்தன. எந்தத் திரையிலும் பிழை தெரியவில்லை. மாலை வரை ஒரு வண்டியும் கிளம்பவில்லை. இன்சுலின் கேட்டு மருத்துவமனைகள் அழைத்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் யாராவது மன்னிப்புக் கடிதம் எழுதியாக வேண்டும். "கட்டமைப்பு உங்க பொறுப்பு, தாள்லயும் உங்க சீல் இருக்கு," என்று மினேகிஷி அவர்களிடம் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அவர் எழுதிக் கொடுத்தார். அந்த வசதியை மூடி, பதினான்கு பெட்டிகளையும் கையால் எழுதிவிட்டு, அடுத்த மாதம் காகித அறைக்குப் போனார்.

இத்தோடு விட்டோமா? சென்ற இலையுதிர் காலத்தில் கணினியை மாற்றியபோது பாதிக் கிடங்குகள் இணையவில்லை. அவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தே தொலைபேசியில் அழைத்தேன். ஒரு குத்தல் பேச்சு இல்லை. பெட்டி பெட்டியாக நினைவிலிருந்து சொன்னார்.

"அடுத்தது ஹிமி கெடங்கு, எழுதிக்கிட்டீங்களா? அது தானா கூப்பிடாது. நம்ம பக்கம்தான் கூப்பிடணும்."

நடுவில் யாசுயோ அம்மையார் தொலைபேசியை வாங்கினார். "இன்னும் எத்தன எழுத்துங்க இருக்கு? அவருக்கு மூச்சு வாங்குது."

இன்னும் ஐந்து கிடங்குகள் என்றேன். அம்மையாரே, வைத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டத்தில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது முறை. அவர் கையால் எழுதிய பதினான்கு கட்டமைப்புகளும் அப்படியே இருக்கும்; தானாகப் பெயர் வைக்கும் வசதி இனித் திறக்கப்படாது. நான் பதவியில் இருக்கும்வரை இது உறுதி.

அது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. தலைவர் அவர்களே, தகாஓகா நிகழ்வுக்கான மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதி வந்திருக்கிறேன். என் பெயரில், என் முத்திரையோடு. இதோ, உங்கள் முன் வைக்கிறேன். மினேகிஷி அவர்களின் கோப்பில் இருக்கும் பழைய கடிதத்தை எடுத்துக் கொடுங்கள். யாசுயோ அம்மையார் அதை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.