மீன்முள் நெசவில் ஒரு டாலர்

மாவு பிசையத் தெரிந்தவர்களுக்கு வெண்கலக் களிமண் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். வெண்கலத் தூளைப் பசையோடு குழைத்து விற்கிறார்கள். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு பிசைந்து, தட்டையாகத் தேய்த்து, ஏதாவது ஒன்றின் மேல் அழுத்தி எடுத்தால் அதன் வடு அப்படியே விழுந்துவிடும். பிஸ்கட் வெட்டுகிற வளையத்தால் வெட்டி, உறிஞ்சுகுழலால் ஓர் ஓட்டை போட்டால் டாலர் ஆயிற்று. அப்புறம் காயவைத்து, தேய்த்து, சுட வேண்டியதுதான்.

இதெல்லாம் என் மருமகள் செய்தது. நான் தேய்த்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

என் மகன் இருந்தபோதே நாங்கள் இருவரும் ஒரு கட்சி. "ரெண்டு பேரும் என் தலையை உருட்டி முடிச்சதும் சொல்லுங்க, சாப்பிட வரேன்" என்பான். அவன் போன பிறகு, இனி அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாளா என்று வந்தவர்கள் எல்லாம் என் காதைக் கடித்தார்கள். அவளே பதில் சொன்னாள். "போறதா இருந்தா அத்தையையும் பெட்டியில வெச்சு எடுத்துட்டுத்தான் போவேன். துணியை விட அவங்க வெயிட் கம்மி." அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பெற்ற மகள் இருந்தாலும் இப்படிச் சொல்லியிருப்பாளா, தெரியவில்லை.

சாமான் போட்டு வைத்திருந்த பின்னறையைத்தான் அவள் பட்டறையாக்கினாள். மூலையில் மின்சூளை. வெண்கலத்தைச் சும்மா சுட்டால் கறுத்து உதிர்ந்துவிடும். மூடி போட்ட இரும்புப் பெட்டியில் கரிக்குருணைக்குள் புதைத்துச் சுட வேண்டும். காற்றுப் பட்டால் ஈரக் களிமண் வெடித்துவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டுதான் அடுத்த டாலர்களை உருட்டுவாள். அதற்காகவே சுவரில் துளை போட்டு, புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன் வைத்திருந்தாள். அது ஓடாமல் சூளையைப் போடவே கூடாது என்று எனக்கும் சொல்லி வைத்தாள். "கரியில இருந்து வர்றதுக்கு வாசனையே கிடையாது அத்தை. மயக்கம் வந்தப்புறம்தான் தெரியும்." என் மேல் இருந்த அக்கறையில் சொன்னாள். தேய்க்கிற வேலையையும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து செய்யச் சொன்னாள், தூசி என் நெஞ்சுக்கு ஆகாதாம்.

எங்கள் வீட்டில் அவள் அச்செடுக்காத பொருள் இல்லை. கூடையின் அடிப்பக்கம், ஜன்னல் திரையின் பின்னல், என் சீப்பு, மகனுடைய கோடு போட்ட கால்சட்டை. ஒரு நாள் விளையாட்டாக என் குதிகால் வெடிப்பில் அழுத்தி எடுத்து, "வறண்ட ஆறு மாதிரி இருக்கு" என்றாள். அதுதான் முதலில் விலை போனது. யாரோ ஒருத்தி என் குதிகாலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு நாள் தேய்க்க வந்த டாலர்களில் ஒன்று மீன்முள் மாதிரி நெசவோடு இருந்தது. ஓரத்தில் கிழிசலை இழுத்துத் தைத்த கோணல் தையல். எங்கள் வீட்டுத் துணி அத்தனையையும் துவைக்கிறவள் நான். அப்படி ஒரு துணி எங்களிடம் இல்லை. கேட்டேன். ஏதோ பழைய துணி என்றாள். அதுவரை அவள் என்னிடம் பொய் சொன்னதில்லை.

அவளுடைய டாலர்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றுக் கொடுப்பவர் படச்சட்டம் போடுகிற கடைக்காரர். சரக்கு எடுக்க வந்தவர் தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டினார். அவர் போட்டிருந்த கோட்டின் கைப்பட்டியில் மீன்முள் நெசவு. ஓரத்தில் அதே கோணல் தையல். சூளையில் எல்லாம் கொஞ்சம் சுருங்கும் மேடம். ஆனால் கோணல் கோணலாகவேதான் இருக்கும்.

அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

முதல் தடவை, என்ன ஆகிறது பார்ப்போம் என்றுதான் செய்தேன். வெளிச்சுவரில் ஃபேனின் வாயில் என் மகனுடைய பழைய சட்டையைத் திணித்தேன். உள்ளே ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு அது போதும். அன்று அவள் அவர் கடைக்குப் போவதாக இருந்தது. வாந்தியும் தலைவலியுமாக வெளியே வந்து என் மடியில் படுத்துவிட்டாள். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேன் அத்தை?" என்றாள். என் மகன் போன பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் அவள் வெளியே கிளம்ப நினைத்த நாட்களில் எல்லாம் உடம்புக்கு முடியாமல் போயிற்று. டாக்டர் ரத்தம் குறைவு, அலைச்சல் வேண்டாம் என்றார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். தலை வாரி விட்டேன். தெருமுனை வரை போனால் தலைவலி விட்டுவிடுகிறது என்று அவள் ஒரு நாள் வியந்தாள். "இந்த வீடுதான் எனக்கு ஒத்துக்கலை போல" என்று சிரித்தாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. எந்த வீட்டிலும் அவளுக்கு அப்படி ஒரு கவனிப்பு கிடைத்திருக்காது. நான் ஒரு நாளும் கதவைப் பூட்டியதில்லை, மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவளே சொல்லிவிட்டாள். அந்தக் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்களும் எங்ககூட வந்துடுங்க அத்தை. உங்களுக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கார்" என்றாள். ஒழித்து வைத்த அறை. சாமான் போடுகிற மாதிரி. நான் சிரித்தேன், சந்தோஷம் என்றேன். இருக்கிற களிமண்ணை மட்டும் முடித்துவிட்டுச் சூளையைக் கட்டி எடுத்துப் போகலாம் என்று அவள் பின்னறைக்குள் போனாள். நான் வெளியே வந்து, இந்த முறை இரண்டு சட்டைகளை வைத்தேன்.

கடைக்காரர் வந்து கேட்டபோது, வேலையாக இருக்கிறாள், தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். அவர் என் பேச்சைக் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அவளைத் தூக்கிவந்து கொல்லையில் போட்டவர், சுவரிலிருந்து சட்டைகளைப் பிடுங்கி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறந்திருக்கிறாள் என்றீர்கள். அவரை யாரென்று தெரியவில்லை, ஸ்பூன் பிடிக்கக்கூட வரவில்லை என்றும் சொன்னீர்கள். அதனால்தான் கேட்கிறேன், என்னை அங்கே விடுங்கள். அவளுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று நர்சுகளுக்கு என்ன தெரியும்?

அவள் சத்தம் போடவில்லையா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூப்பிட்டாள். நான் கதவுக்கு வெளியேதான் டாலர் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அத்தை என்றாள். பிறகு சுவரைத் தடவுகிற சத்தம். பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அப்படி அழைத்திராதவள், அம்மா என்றாள்.

கதவைத் திறந்திருந்தால் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.